ஓலைக்குடாவில் கடல் வற்றும்போது புழு பார்ப்பது எப்படி

ராமேஸ்வரம் போய் புழு பார்த்துவிட்டு வந்தேன் என்றால் சிரிப்பார்கள், பரவாயில்லை. தீவின் வடக்குக் கரையில் சங்குமாலிலிருந்து ஓலைக்குடா வரைக்கும் நடந்தாலே போதும், படகு எதுவும் வேண்டாம். இந்தப் பக்கம் பாக் விரிகுடா. அலை அதிகம் இல்லாததால் மீனவர்கள் இதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டும் பெண் கடலும் கலங்கிக் கிடக்கும், அப்போது போய்ப் பயனில்லை. மாசி, பங்குனி நல்லது.

நாளைக் காலண்டரில் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, அதற்கடுத்த இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான் கணக்கு. இங்கே ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டர்கூட இருக்காது, ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்ச வற்றலுக்கே நிறைய மணல் வெளியே வந்துவிடும். பாம்பனுக்கான ஓத நேரம் இணையத்தில் கிடைக்கும், நன்றாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள்.

செருப்பு வேண்டாம், சேற்றில் மாட்டிக்கொள்ளும். பழைய கேன்வாஸ் ஷூ போடுங்கள், கல்லில் ஒட்டியிருக்கும் கொட்டலசு பிளேடு மாதிரி கிழிக்கும். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை தானே விலகிப் போகும். ஒரு லென்ஸ், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, ஒரு செல்லோ டேப். டேப் எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

போனதும் தோண்ட ஆரம்பித்துவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இது, நானும் செய்தேன், பாதி அறுந்த புழுதான் கிடைத்தது. புழுவைத் தேடாமல் அது மணலில் விட்ட அடையாளத்தைத் தேடுங்கள். துளையைச் சுற்றிக் கடுகு கடுகாக மணல் உருண்டைகள் கிடந்தால் அது புழு இல்லை, குட்டி நண்டு. முறுக்கு பிழிந்த மாதிரி சுருள் சுருளாக மணல் குவிந்திருந்தால் அடியில் ஏதோ ஒன்று மணலைத் தின்று கழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது பலனோகிளாசஸ் என்ற புழு மாதிரி உயிரியாக இருக்கலாம். பதினோராம் வகுப்பு விலங்கியலில் அரைநாணி என்று மனப்பாடம் செய்தோமே, அதே ஆள்தான். பக்கத்துக் குருசடைத் தீவு இதற்குப் பேர்போனது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடும் கட்டுத்துணியில் அடிக்கும் அயோடோஃபார்ம் மருந்து வாடை மாதிரி ஒன்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது குழாய்ப் புழு. கடல்தாழை என்கிற கடற்புல் முளைத்திருக்கும் ஓரத்தில் ஒன்றிரண்டு அங்குல உயரத்துக்குக் குப்பை மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டு நிற்கும். குனிந்து லென்ஸில் பாருங்கள், குப்பை இல்லை. உடைந்த சிப்பித் துண்டு, தாழைத் துணுக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓடு வேய்ந்த மாதிரி ஒட்டிக் கட்டிய குழாய். உள்ளே தோல் போன்ற உறை, அது மணலுக்குள் ஆழமாக இறங்கும். இழுக்காதீர்கள், மேல்துண்டு மட்டும்தான் கையோடு வரும். கணுக்கால் அளவு தண்ணீர் இருக்கும் குழாயாகப் பார்த்து, உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் உணர்கொம்புகள் எட்டிப் பார்க்கும், பிறகு தலை வரும், பக்கத்தில் செவுள் சிவப்பாகச் சுருண்டு நிற்கும். இருமினால் போச்சு.

சரி, டேப். பவளக்கல்லைப் புரட்டினால் அடியில் இளஞ்சிவப்பாக, இரு பக்கமும் வெள்ளைப் பஞ்சு வைத்த மாதிரி ஒரு புழு இருக்கும். பஞ்சு இல்லை, கண்ணாடி மாதிரி ஒடியும் முள். நெருப்புப் புழு. அழகாயிருக்கிறதே என்று விரலால் தள்ளினேன், கம்பளிப்பூச்சி எல்லாம் இதனிடம் தோற்றது, ராத்திரி வரைக்கும் எரிச்சல். பட்டுவிட்டால் தேய்க்காமல் டேப்பை ஒட்டி உரித்து எடுங்கள், முள் அதோடு வந்துவிடும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும்.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது, செத்த பவளத்துண்டும் பையில் வேண்டாம். கடல் அட்டையில் ஒரு வகையான நூல் அட்டையைச் சீண்டினால் வெள்ளை நூலாகக் கக்கும், அது கையில் ஒட்டினால் லேசில் போகாது. கூம்பு மாதிரி அழகான சங்கு உயிரோடு கிடந்தால் தொடவே தொடாதீர்கள், விஷ ஊசி உள்ளது. குருசடை மாதிரித் தீவுகள் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

தண்ணீர் ஏறத் தொடங்கினால் தட்டில் இருப்பதை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிட்டு, வந்த வழியிலேயே திரும்புங்கள், புது வழியில் குறுக்கே நடந்தால் தாழைக்குள் பள்ளம் தெரியாது.