ஹோம் அசிஸ்டண்டில் ஜிக்பீ சேர்ப்பது எப்படி: டாங்கிளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை

வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டண்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்-ஆன் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இணையம் போனாலும் விளக்கு எரிய வேண்டும், கதவு சென்சாரின் தகவல் வீட்டைத் தாண்டக் கூடாது என்பவர்களுக்கு ஜிக்பீ நல்ல வழி. விளக்கும் சென்சாரும் குறைந்த சக்தியில் தமக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை அது. தேவைப்படுவது ஒரு யூஎஸ்பி டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சின்ன ஜிக்பீ ரேடியோ. அதோடு ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்கிவிடுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

படி 1: டாங்கிளைத் தள்ளி வையுங்கள்

டாங்கிளை நேரடியாகக் கணினியின் போர்ட்டில் செருகிவிட்டு, "சென்சார் பக்கத்து அறைக்குப் போனாலே காணாமல் போகிறது" என்று தவிப்பவர்கள் நிறைய. டாங்கிளைக் குறை சொல்லிப் பயனில்லை. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய எஸ்எஸ்டியும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்குகின்றன. இதை விளக்கி இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜிக்பீ பேசுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான், அதுவும் மிகக் குறைந்த சக்தியில். பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, தூரத்தில் முணுமுணுப்பவரைக் கேட்க முயல்வது போலத்தான் டாங்கிளின் பாடு.

அதனால் எக்ஸ்டென்ஷன் கேபிளை யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகி, ஒரு மீட்டராவது தள்ளி, வைஃபை ரூட்டரின் முதுகில் ஒட்டாமல் வையுங்கள். ஆன்டெனா நிமிர்ந்து நிற்கட்டும். கேபிள் தொங்குவது பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

படி 2: எந்த மென்பொருள்?

இரண்டு வழிகள் உண்டு. இசட்எச்ஏ ஹோம் அசிஸ்டண்டுக்குள்ளேயே இருக்கிறது, சில கிளிக்கில் முடிந்துவிடும். இரண்டாவது ஜிக்பீ2எம்க்யூடிடி. அதற்கு மஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கரையும் (செய்திகளை வாங்கிக் கைமாற்றும் மென்பொருள்) நிறுவ வேண்டும், வேலை கொஞ்சம் கூடுதல். என் ஓட்டு இரண்டாவதற்கே. எந்தச் சாதனம் எதன் வழியாகப் பேசுகிறது என்று வரைபடமாகக் காட்டும். லாகும் (நடப்பதை வரிவரியாகக் குறிக்கும் பதிவு) படித்தால் புரிகிறது. நான்கைந்து பல்புதான் என்றால் இசட்எச்ஏ தாராளமாகப் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம்: டாங்கிளைச் செருகியதும் ஹோம் அசிஸ்டண்ட் தானாகக் கண்டுபிடித்து இசட்எச்ஏவை அமைக்கட்டுமா என்று கேட்கும். ஜிக்பீ2எம்க்யூடிடி பக்கம் போவதானால் அதைத் தொடாதீர்கள். ஒரே டாங்கிளை இரண்டும் பிடித்து இழுத்தால் எதுவும் ஓடாது.

படி 3: போர்ட்டும் சேனலும்

ஜிக்பீ2எம்க்யூடிடி அமைப்புகளில் போர்ட் கேட்கும் இடத்தில் 'டிடிஒய்யுஎஸ்பி0' போன்ற குட்டிப் பெயரைக் கொடுக்காதீர்கள். வேறொரு யூஎஸ்பி கருவியைச் செருகி ரீபூட் செய்தால் அந்த எண் மாறக்கூடும். 'பை-ஐடி' என்று வரும் நீளமான முகவரியைக் கொடுங்கள். டாங்கிளின் வரிசை எண்ணும் அதிலேயே இருப்பதால் மாறாது. அடாப்டர் வகையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் என்றால் இசட்ஸ்டாக், சிலிக்கான் லேப்ஸ் சிப் என்றால் எம்பர்.

சேனலை இப்போதே முடிவு செய்யுங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள். வைஃபை 1ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயின் 11–14 மீது படர்கிறது. 6 என்றால் 16–19. 11 என்றால் 21–24. இடையில் தப்புவது 15, 20, 25. ஜிக்பீ2எம்க்யூடிடி தானாக எடுப்பது 11. உங்கள் வைஃபை 1இல் இருந்தால் அது சரிப்படாது. சாதனங்களைச் சேர்த்த பிறகு சேனலை மாற்றினால் சிலவற்றை மறுபடி முதலிலிருந்து இணைக்க நேரும்.

படி 4: இணைக்கும் வரிசை

முதலில் மின்சாரத்தில் ஓடும் பிளக்குகள், பல்புகள். இவற்றில் பெரும்பாலானவை சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரி சென்சார்கள் கடத்தாது, அவற்றைக் கடைசியில் சேருங்கள். ஒவ்வொரு சென்சாரையும் அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து இணைப்பது நல்லது. சில வகை சென்சார்கள் முதலில் பிடித்த சாதனத்தை விட்டு லேசில் நகராது.

புதுச் சாதனங்களைச் சேர அனுமதிக்கும் 'பெர்மிட் ஜாயின்' அழுத்துங்கள், சென்சாரின் ரீசெட் பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். லாகில் முதலில் 'இன்டர்வியூ' (சாதனத்திடம் அதன் விவரங்களைக் கேட்டறிவது) தொடங்கியதாக வரும், அப்புறம் வெற்றி என்று வரும். அந்த இரண்டாவது வரியைப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"இரவானால் சென்சார்கள் செத்துப்போகின்றன." சுவர் சுவிட்சைப் பாருங்கள். கடத்திக்கொண்டிருந்த பல்பை யாரோ சுவிட்சில் அணைத்தால் அதன் வழியாகப் பேசியவையும் சேர்ந்தே போகும். கடத்தும் வேலைக்குப் பிளக்கே மேல்.

"விர்ச்சுவல் மெஷினில் டாங்கிள் தெரியவே இல்லை." யூஎஸ்பியை அந்த மெஷினுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும், டாக்கர் என்றால் டிவைஸ் பாதையையும் கொடுக்க வேண்டும்.

"இன்டர்வியூ பாதியில் நிற்கிறது." பேட்டரி சென்சார் தூங்கிவிட்டது. டாங்கிளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இன்டர்வியூ முடியும் வரை சில நொடிகளுக்கு ஒருமுறை பொத்தானை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடித்தால் மறுபடி ரீசெட் ஆகிவிடும், தட்டினால் போதும்.