உட்கருவில் தங்கும் நீள் ஆர்.என்.ஏ.வின் பணியைக் கண்டறிவது எப்படி?

புரதமாக மாறாத, 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. உட்கருவில் மிகுந்து காணப்பட்டால், அதற்கு உடனே ஒரு பணியைச் சூட்டிவிட மனம் விரையும். ஆனால் வேலை செய்வது அந்த மூலக்கூறா, அல்லது அது டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் நிகழ்வா என்பது தெளியும்வரை பொறுத்திருப்பதே முறை.

முதலில் இருப்பிடத்தை உறுதிசெய்யுங்கள். உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் பிரித்து அளவிடும்போது, உட்கருவுக்கு யு6 ஆர்.என்.ஏ.வையும் சைட்டோபிளாசத்துக்கு ஜி.ஏ.பி.டி.ஹெச். தூது ஆர்.என்.ஏ.வையும் ஒப்பீடாக வைத்தால், பிரிப்பு சுத்தமாக நடந்ததா என்பது புலப்படும். பிறகு, அந்த ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி ஒட்டும் ஒளிரும் துருவிகளை இணைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். எக்ஸிஸ்ட் என்னும் நீள் ஆர்.என்.ஏ., தான் உருவான எக்ஸ் குரோமோசோமின் மீது மேகம்போல் படர்ந்திருக்கும். நீட்1 என்னும் இன்னொன்று, பாராஸ்பெக்கிள்கள் எனப்படும் உட்கருவின் நுண்திரள்களுக்குச் சட்டகமாகத் திரண்டு நிற்கும். படியெடுக்கப்படும் இடத்தில் மட்டும் ஓரிரு புள்ளிகள் தெரிந்தால், அண்டை மரபணுக்களின் மீதான விளைவையே முதலில் ஆராய வேண்டும்.

அடுத்த படி கடினமானது. பிழைகள் மலிவதும் இங்கேதான். சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு இலக்கைச் சிதைக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இயங்குவதால், உட்கருவிலுள்ள மூலக்கூறைக் குறைக்க, ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் ஹெச் நொதியை வரவழைக்கும் ஆன்டிசென்ஸ் ஆலிகோநியூக்ளியோடைடுகளே (இலக்கோடு பொருந்தி ஒட்டும் குறுகிய செயற்கை இழைகள்) பொருத்தமானவை. அவை படியெடுப்பின் தொடக்கப் பகுதியைத் தாக்கினால் படியெடுத்தலே பாதியில் நின்றுவிடக்கூடும் என்பதால், இறுதி முனைக்கு அருகில் இலக்கு வையுங்கள். இதற்கு இணையாக, மரபணுவின் தொடக்கத்துக்கு அருகில் பாலி-ஏ முடிப்புச் சமிக்ஞை (படியெடுப்பை முடிக்கச் சொல்லும் டி.என்.ஏ. தொடர்) ஒன்றைச் செருகி, படியெடுத்தலையே நிறுத்திப் பாருங்கள். படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியான ஊக்கியை முழுவதுமாக வெட்டியெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த டி.என்.ஏ. துண்டு வேறொரு மரபணுவுக்கு மேம்படுத்தியாகவும் (அதன் படியெடுப்பைக் கூட்டும் பகுதியாகவும்) இருந்தால், விளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிய இயலாது.

எலியின் ஏர்ன் என்னும் நீள் ஆர்.என்.ஏ. இதற்கு அருமையான பாடம். 2012-இல் வெளியான ஆய்வில், முடிப்புச் சமிக்ஞையை வெவ்வேறு தொலைவுகளில் செருகியபோது, ஐ.ஜி.எஃப்.2.ஆர். மரபணுவின் ஊக்கியைப் படியெடுத்தல் கடந்து சென்றால் மட்டுமே அம்மரபணு அடங்கியது, ஆர்.என்.ஏ. விளைபொருள் அதற்குத் தேவைப்படவில்லை. நஞ்சுக்கொடியிலோ, அதே ஏர்ன் தொலைவிலுள்ள வேறொரு மரபணுவை அடக்க, மூலக்கூறாகவே செயல்படுகிறது. ஆகவே ஒரு திசுவில் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள்.

மூலக்கூறுதான் காரணம் எனத் தோன்றினால், அதை மரபணுத்தொகுதியின் வேறோர் இடத்திலிருந்து வெளிப்படுத்தி, இழந்த பணி மீள்கிறதா என்று சோதியுங்கள். மீளாவிட்டால், அது தன் பிறப்பிடத்துக்கு அருகிலேயே இயங்குவதாக இருக்கலாம். அதன்பின், பயோட்டின் இணைத்த துருவிகளால் ஆர்.என்.ஏ.வைப் பிடித்திழுத்து, உடன்வரும் புரதங்களை இனங்காணுங்கள். எக்ஸிஸ்டோடு ஸ்பென் புரதம் இணைவது 2015-இல் வெளிப்பட்டது இத்தகைய முறைகளால்தான்.