ஸ்ட்ரைக் வேறு, பாய்காட் வேறு

சம்பளப் போராட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், இலங்கை மலையகத்து ஹட்டனில் என் மாலை வகுப்புப் பிள்ளைகள் பலர் 'தொழிலாளர்கள் பாய்காட் செய்தார்கள்' என்றே எழுதுகிறார்கள். பிள்ளைகள்மீது குற்றமில்லை. நம் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தைப் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்கின்றன. பகிஷ்கரிப்பு என்றதும் பாய்காட்தான் நினைவுக்கு வரும். ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடி நின்றால், அது ஸ்ட்ரைக்.

பாய்காட் ஒரு மனிதரின் பெயர். சார்ல்ஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர். 1880இல் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட குடியானவர்களை அவர் வெளியேற்ற முனைந்தார். ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. வயலுக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை, தபாலும் நின்றது. கடைசியில் வெளியிலிருந்து 50 பேரைப் படைக் காவலோடு கொண்டுவந்துதான் அறுவடை செய்தார்கள். துரைமார் ஆட்சியைப் பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. இங்கேதான் இரண்டாவது தவறும் நேர்கிறது: போராட்டத்தை நடத்தியவர் பெயரே வினையானது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒதுக்கிவைக்கப்பட்டவரின் பெயர் அது. ஆகவே ஒரு கடையை, ஒரு கூட்டத்தை, ஒரு தேர்தலைப் பாய்காட் செய்யலாம். சம்பளத்துக்காக வேலையை நிறுத்துவதற்கு அந்த வினை பொருந்தாது.

ஸ்ட்ரைக் என்றால் 'அடித்தல்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், அடிதடியிலிருந்து வந்த சொல் என்று எண்ணுகிறார்கள். கப்பற்காரர் பேச்சில் பாயை இறக்குவதற்கும் அதே வினைதான். 1768இல் லண்டன் மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் என்ற பொருள் அங்கிருந்து வந்தது.

சுவையான கதையை அப்படியே நம்புவதும் கூடாது. தொழிலாளர்கள் மரச்செருப்பை இயந்திரத்துக்குள் எறிந்ததால் நாசவேலையைக் குறிக்கும் 'சபோடாஜ்' பிறந்தது என்பார்கள். 'சபோ' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மரச்செருப்பு என்பது பொருள்தான். ஆனால் எறிந்த கதைக்குச் சான்றில்லை. 'சபோ'விலிருந்து வந்த பிரெஞ்சு வினை, வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பதையே குறித்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதற்கு 'விதர்' என்பார்கள். பிள்ளைகள் அதை எழுத்துப்பிழையாக 'வெதர்' என்று எழுதும்போது நான் சிவப்பு மையால் திருத்துகிறேன். ஆனால் ஓரத்தில் இதையும் எழுதிவைக்கிறேன்: வாடுதலைக் குறிக்கும் அந்த வினை, காலநிலையைக் குறிக்கும் அதே சொல்லிலிருந்து பிரிந்த கிளையாகவே கருதப்படுகிறது.