சென்னை எது வரைக்கும்? வீடு, மனை தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி மகன் ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணா, சென்னையிலயே மனை, விலையும் கம்மிதான். அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்று கேட்டான். மனை இருந்த இடம் ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டி, சுங்குவார்சத்திரம் பக்கம். அவனுக்கு வேலை கிண்டியில். இடம் எங்கே என்று தெரிந்ததும், ஏமாற்றப் பார்த்தார்கள் என்று அவனுக்குக் கோபம். ஆனால் அந்த நோட்டீஸில் இருந்ததை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சென்னை என்ற ஒரே பெயருக்குப் பல எல்லைகள் இருக்கின்றன.

மாநகராட்சியின் எல்லை 2011-ல்தான் 426 சதுர கிலோமீட்டர் ஆனது. அதற்கு முன் அது பாதிகூட இல்லை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்டமிடும் பெருநகரப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அரசு அதை 5,904 ஆக விரித்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகள் அதற்குள் வந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இன்னொரு எல்லை. 2011 கணக்கில் சென்னை நகரம் என்றால் 46 லட்சம் பேர். சுற்றுவட்டாரத்தைச் சேர்த்த நகரத் தொகுப்பு என்றால் 86 லட்சம் பேர்.

முதல் தவறு, எந்த எல்லை என்று கேட்காமலே சராசரி விலையை நம்புவது. மயிலாப்பூரும் தி.நகரும் உள்ள கணக்கில் ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்துவிட்டால் சராசரி இறங்கும். ஒரு வீட்டின் விலைகூடக் குறைந்திருக்காது. நகரங்களை ஒப்பிடும்போதும் இதே கதிதான். மும்பை என்று மாநகராட்சியை மட்டும் சொல்கிறார்களா, தாணே, கல்யாண், பன்வேல் எல்லாம் சேர்ந்த பெருநகரப் பகுதியைச் சொல்கிறார்களா என்று தெரியாமல் "மும்பையைவிடச் சென்னை மலிவு" என்பதில் பொருளே இல்லை.

அடுத்தது அப்ரூவல். ஆயுள் சேமிப்பு மொத்தமாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "சிஎம்டிஏ எல்லைக்குள் வந்துவிட்டது" என்பது வேறு, "சிஎம்டிஏ அப்ரூவல் இருக்கிறது" என்பது வேறு. முதலாவது அரசு வரைபடத்தில் போட்ட கோடு. இரண்டாவது உங்கள் மனைப்பிரிவுக்கென்று (லேஅவுட்) எண்ணும் வரைபடமும் உள்ள ஆவணம். பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்கு வெளியே இருந்த கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் போன்ற ஊர்களில் பழைய மனைப்பிரிவுகளுக்கு டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிதான் இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. குறை "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பதில். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, ஏற்கெனவே வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தன. அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். ஆகவே அனுமதி எண்ணை வாங்கி நீங்களே சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவையும் பாருங்கள். சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். நோட்டீஸில் பச்சையாகப் போட்ட பூங்கா பிறகு மனையாக விலைபோன கதைகள் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று ஜிஎஸ்டி. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கினால் 5 சதவீதம், "மலிவு விலை வீடு" என்றால் 1 சதவீதம். அப்படிக் கணக்கில் வர விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு, பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 90-க்குள்ளும் இருக்க வேண்டும். 75 சதுர மீட்டர் வீடு, விலை 44 லட்சம் என்று வையுங்கள். பெருநகரத்துக்கு வெளியே வரி 44,000 ரூபாய். உள்ளே 2,20,000 ரூபாய். எல்லைக்கோடு அந்த இடத்தின் எந்தப் பக்கம் போகிறது என்பதற்காக மட்டும் 1,76,000 ரூபாய் வித்தியாசம்! தங்கள் கட்டடம் எந்த எல்லைக்குள் கணக்காகிறது என்று பில்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

வாடகையை மட்டும் பார்த்து வெளியே போவதும் தவறு. உள்ளே 18,000, வெளியே 9,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 9,000. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்களாக இருந்து, ஸ்டேஷன் வரை வண்டி, பார்க்கிங், மழை நாளில் ஆட்டோ என்று கூட்டினால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் 60 கிலோமீட்டர். ஒரு நாளைக்குக் கூடுதலாக மூன்று மணி நேரம் என்றால் 25 வேலை நாளில் 75 மணி நேரம். குழந்தை விழித்திருக்கும்போது வீட்டில் இருக்க முடியாதவர்களை எனக்குத் தெரியும். அதே சமயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு சென்ட்ரலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது எதற்கு? தன் வேலையிலிருந்து அளக்க வேண்டும். சித்தி மகனிடம் நான் முதலில் கேட்டதும் கிண்டிக்கு எத்தனை நேரம் என்பதைத்தான்.

எல்லை விரிந்ததும் வசதியும் வரும் என்று முன்கூட்டியே விலை கொடுக்காதீர்கள். சிஎம்டிஏ திட்டமிடும் அமைப்பு. தெருவும் விளக்கும் குப்பை அள்ளுவதும் உள்ளாட்சியின் வேலை. வரைபடத்தில் கோட்டை நகர்த்தியதும் குடிநீர்க் குழாயும் கூடவே நகர்ந்து வராது. மாநகராட்சிக்குள் 2011-ல் சேர்ந்த பகுதிகளிலேயே குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதை வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்கு எந்த எல்லையும் தெரியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அவை மாநகராட்சிக்கு வெளியேதான் இருந்தன. அடையாற்றில் வந்த தண்ணீர் அவற்றையும் மூழ்கடித்து, மாநகராட்சிக்குள் இருக்கும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்தது. மனைக்கு மேற்கே எந்த ஏரி இருக்கிறது, அதன் கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழி) எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் பத்து வருடம் குடியிருப்பவரிடம் 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேளுங்கள். கையை வைத்துக் காட்டுவார்.