ஸ்கார்பரோவில் முதல் பைக் வாங்கும் முன்

ஊரில் பத்து வருஷம் ஸ்ப்ளெண்டர் ஓட்டிய தைரியத்தில் இங்கே கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்ததும் 650 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாள் கேஸ் ஸ்டேஷனில் மெதுவாகத் திருப்பும்போது இடப்பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றித் தாங்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். இது 200 கிலோவுக்கு மேல். கிளட்ச் லீவர் உடைந்ததோடு போயிற்று.

அதனால் முதலில் வண்டியில் ஏறி உட்காருங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். ஹோண்டா ரெபெல் 300-இன் சீட் உயரம் 690 மில்லிமீட்டர். நின்ஜா 400-க்கு 785. நம்ம சென்னைப் பக்கம் தயாராகிற ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ம் இங்கே கிடைக்கிறது. 191 கிலோ என்றாலும் சீட் 765-தான். எதை எடுத்தாலும் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, இல்லாமல் எடுக்காதீர்கள். பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது புதியவர்தான்.

பிடித்த வண்டிக்கு உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அதன் மாடலைச் சொல்லி இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் தலைசுற்றும் தொகை சொல்வார்கள். பழைய வண்டி என்றால் டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-இன் 23-ஆம் வாரம் செய்தது. டயர் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் வண்டிக்கு முன் பயிற்சி வகுப்பு. அங்கேயே சின்ன வண்டி தருவார்கள், விழுந்தாலும் அவர்கள் வண்டி. நம் கண்ணுக்கு வலப்பக்கப் போக்குவரத்து பழகவும் அதுதான் இடம். சந்திப்பில் எதிரே வரும் கார் இடப்பக்கம் திரும்பி நம் பாதையைக் குறுக்கே வெட்டும். ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதீர்கள். காரின் முன்சக்கரத்தையே கவனியுங்கள், அது அசைந்தால் தெரிந்துவிடும்.

எழுத்துத் தேர்வு எழுதி முதலில் வாங்கும் எம்1 பைக் உரிமம் 90 நாள்தான் செல்லும். பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டலாம், பின்னால் யாரும் கூடாது, 401 நெடுஞ்சாலைப் பக்கம் போகவே முடியாது. குளிருக்கு முன் வண்டியை விற்றுவிட நினைப்பவர்கள் அக்டோபரில் விலையை இறக்குவார்கள். வண்டியை அப்போது வாங்கலாம். எம்1 தேர்வை மட்டும் அப்போது எழுதாதீர்கள். 90 நாளும் பனியிலேயே கரைந்துவிடும்.