பிரீஸ்டை வேகமாக லெவல் ஏற்ற வாண்டைப் பிடியுங்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் கேமில் தனியாக லெவல் ஏறும் பிரீஸ்டுக்கு (ஹீல் செய்யத் தெரிந்த மந்திரப் பாத்திரம்) ஹீலிங் டேலன்ட் (புள்ளி போட்டு எடுக்கும் திறன்) வீண். வாண்ட், அதாவது தூரத்திலிருந்து அடிக்கும் மந்திரக்கோல்தான் ஆயுதம். லெவல் 5-இல் லெஸ்ஸர் மேஜிக் வாண்ட், 13-இல் கிரேட்டர் மேஜிக் வாண்ட். இரண்டையும் கேமில் என்சான்டிங் தொழில் தெரிந்த ஆட்டக்காரர் செய்து தருவார். முதல் 5 டேலன்ட் புள்ளிகள் ஸ்பிரிட் டேப்புக்கு (எதிரியைக் கொன்றதும் ஸ்பிரிட்டைக் கூட்டும்), அடுத்த 5 வாண்ட் ஸ்பெஷலைசேஷனுக்கு (வாண்டின் அடியைக் கூட்டும்).

சண்டையில் ஷீல்ட் போட்டுவிட்டு மைண்ட் பிளாஸ்ட், ஷேடோ வேர்ட் பெயின் என்ற இரண்டு தாக்கும் மந்திரங்கள். அப்புறம் எதிரி சாகும்வரை வாண்ட் மட்டும். காரணம், மானா (மந்திரம் விடச் செலவாகும் சக்தி) செலவழித்தால் 5 நொடிக்கு ஸ்பிரிட்டால் (மானாவை ஊறவைக்கும் குணம்) மானா ஊறாது. வாண்டுக்கு மானா வேண்டாம், அடித்துக்கொண்டே ஊறும். அவசரப்பட்டு நடுவில் ஒரு ஸ்மைட் மந்திரம் விட்டால் அந்த 5 நொடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கடைசி அடி உங்களுடையதாக இல்லாவிட்டால் ஸ்பிரிட் டேப் கிடைக்காது.

குழுவாகப் போகும் டஞ்சனா? இதே டேலன்ட்டோடு தாராளமாக ஹீல் செய்யலாம். லெவல் 40-இல் வரும் ஷேடோஃபார்ம் என்ற நிழல் உருவத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். அதில் ஹீல் செய்யும் ஹோலி மந்திரங்கள் ஓடாது.