ஹைடல்பெர்க் அறையில் பூஞ்சை: நான் சரிசெய்த விதம்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் என் முதல் குளிர்காலம். நான் தங்கிய அறை பழைய நகரத்தில், தடித்த கல்சுவர் வீட்டில். நவம்பரில் கட்டிலுக்குப் பின்னால் கரும்பூஞ்சை! மனசே உடைந்துபோனது. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. துணி காய்ந்ததும் சோறு கொதித்ததும் உள்ளேதான். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் படிந்திருக்கிறது.

பக்கத்து அறை ஜெர்மன் மாணவி 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்ற, அறைக் காற்றைச் சட்டென்று மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து 5 நிமிடம். காலை, மாலை, அப்புறம் சமைத்ததும். நாள் முழுக்க லேசாகத் திறந்து வைத்தால் சுவர்தான் இன்னும் குளிரும். பூஞ்சையைக் கையுறையோடு ஆல்கஹாலால் துடைத்தேன், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். மூன்று வாரத்தில் ஈரப்பதமானி 75இலிருந்து 50 சதவீதத்துக்கு இறங்கியது.